நகல் இயந்திரமும் காலத்திற்கு முந்திய தேய்மானமும்



உலகில் உழைக்கின்ற பொருள்கள் யாவும் தேய்கின்றன. அம்மி தேய்கிறது, அதன்மேல் உருளும் குழவியும் தேய்கிறது. கிணற்றுக் கயிறு தான் தேய்வதோடு நில்லாமல், தான் உராயும் கருங்கல்லையும் தேய்த்துவிடுகிறது. ஆதலால் தேய்மானம் என்பது குற்றமன்று. அஃது உழைப்பின் அடையாளம். ஆனால், ஐந்தாண்டுகள் உழைக்க வேண்டிய பொருள் ஓராண்டிலேயே தேய்ந்துவிடின், அதனை இயற்கை என்று சொல்லி நாம் வாளா இருத்தல் தகாது. காலத்திற்கு முந்தி வரும் தேய்மானத்திற்குத் தனிக் காரணம் ஒன்று இருக்கும். அக்காரணத்தைத் தேடிக் காணும் முறையை, நாம் நாள்தோறும் பார்த்தும் கவனியாமல் போகின்ற ஓர் இயந்திரத்தைக் கொண்டு இன்று விளக்க விரும்புகிறேன். ‘ஜெராக்ஸ்’ என்று எல்லாரும் வழங்குகின்ற நகல் இயந்திரமே அது. அதனைக் காண நகரத்து அலுவலகங்களுக்குச் செல்ல வேண்டுவதில்லை. பழவேற்காட்டு ஏரிக்கரையில் உள்ள மீனவர் ஊர்களுக்குச் செல்வோம். இந்தப் பாடத்திற்கு அதனினும் சிறந்த பள்ளிக்கூடம் கிடைப்பது அரிது.

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே, பொன்னேரியைக் கடந்து, கடலை ஒட்டி அமைந்த பழைய ஊர். 1613-ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டினார்கள். ஊரை ஒட்டிப் பரந்து கிடக்கும் ஏரி, இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சில்கா ஏரிக்கு அடுத்த பெருமையுடையது. அதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் எஞ்சிய பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளது. ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்ட வரப்புப்போல் கிடக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், கோரைக்குப்பம், வைரவன்குப்பம் எனக் கரையெங்கும் மீனவர் குடியிருப்புகள். ஒரு புறம் ஏரி, மறு புறம் கடல், நடுவே மணல்: இதுவே அவ்வூர்களின் நிலை.

இத்தகைய ஊரில் வலைக்கும் படகுக்கும் உள்ள மதிப்பு நகல் இயந்திரத்திற்கு ஏது என்று நீங்கள் வினவலாம். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15-ஆம் நாள் முதல் ஜூன் 14-ஆம் நாள் வரை, 61 நாட்கள், மீன்வளம் பெருகும்பொருட்டு விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. தடைக்கால உதவி, புயல் நிவாரணம், சேமிப்புத் திட்டம், பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை ஆகிய ஒவ்வொன்றிற்கும் விண்ணப்பம் வேண்டும். விண்ணப்பத்துடன் குடும்ப அட்டையின் நகல், ஆதார் அட்டையின் நகல், வங்கிப் புத்தகத்தின் நகல் என்று பல நகல்களை இணைக்க வேண்டும். நகலில் ஒரு கறுப்புக் கோடு வங்கிக் கணக்கு எண்ணின் மேல் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மூன்றாகத் தெரியும். ஆறு சுழியாகத் தெரியும். விண்ணப்பம் திரும்பி வரும். அதனைத் திருத்துவதற்குப் பேருந்துக் கட்டணம், ஒரு நாள் உழைப்பு, வரிசையில் நிற்கும் துன்பம் ஆகிய இத்தனையும் ஓர் ஏழைக் குடும்பத்தின் தலையில் விழும். தேய்ந்த இயந்திரம் இவ்வாறு பொய்ச்சாட்சி சொல்லக்கூடும் என்பதனை நாம் மறத்தல் ஆகாது.

இயந்திரத்தின் நோயை அறிய வேண்டுமாயின், முதலில் அதன் உடலை அறிய வேண்டும். ஆதலால் அது பிறந்த வரலாற்றையும் வேலை செய்யும் விதத்தையும் சுருக்கமாகக் காண்போம்.

அமெரிக்காவில் செஸ்டர் கார்ல்சன் என்பவர் ஒரு மின்பொருள் நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் பணியாற்றிவந்தார். காப்புரிமை ஆவணங்களுக்குப் படிகள் போதிய அளவில் கிடைப்பது அரிதாயிருந்தது. இத்துன்பத்திற்கு ஒரு வழி காண வேண்டும் என்று அவர் முயன்றார். 1938-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள், நியூயார்க் நகரின் அஸ்டோரியாப் பகுதியில் இருந்த ஒரு சிறிய அறையில், ஆட்டோ கோர்னே என்னும் உதவியாளருடன் அவர் தம் சோதனையை நடத்தினார். கந்தகம் பூசிய ஒரு துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து அதற்கு மின்னூட்டம் தந்தார்கள். அன்றைய தேதியையும் ஊரின் பெயரையும் எழுதிய கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து விளக்கொளி காட்டினார்கள். பிறகு நுண்பொடியைத் தூவி ஊதினார்கள். எழுத்துகள் இருந்த இடத்தில் மட்டும் பொடி ஒட்டிக்கொண்டது. மெழுகுத் தாளை அழுத்தி எடுத்தவுடன் எழுத்துகள் தாளில் வந்தன. பல நிறுவனங்கள் இக்கண்டுபிடிப்பைப் புறக்கணித்தன. இருபத்தோர் ஆண்டுகள் கழித்து, 1959-ஆம் ஆண்டில்தான் ‘ஜெராக்ஸ் 914’ என்னும் இயந்திரம் வெளிவந்தது. ஈரமான மையோ மருந்துநீரோ இன்றி எழுதுவதால், ‘உலர்ந்த’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயரை அமைத்தார்கள். உலர்ச்சியே இவ்வியந்திரத்தின் உயிர் என்பதனை அதன் பெயரே அறிவிக்கிறது. ஈரம் மிகுந்த கடற்கரையில் அது படும் பாட்டுக்கும் இதுவே முதற் காரணம்.

இன்றைய இயந்திரத்தின் நடுவே ‘டிரம்’ எனப்படும் உருளை ஒன்று சுழல்கிறது. அதன்மேல் ஒளிபட்டால் மின்னூட்டத்தை இழக்கின்ற மெல்லிய பூச்சு உண்டு. அப்பூச்சு நம் தலைமயிரைவிட மெல்லியது. உருளை ஒருமுறை சுழலும்போது ஆறு வேலைகள் வரிசையாக நடைபெறுகின்றன. முதலாவது, உருளை முழுவதற்கும் மின்னூட்டம் ஏற்றப்படுகிறது. இரண்டாவது, மூலத்தின் ஒளியுருவம் அதன்மேல் படிகிறது. மூன்றாவது, மைத்தூள் வந்து மின்னுருவத்தில் ஒட்டிக்கொள்கிறது. உலர்ந்த தலையை வாரிய சீப்பில் காகிதத் துணுக்குகள் ஒட்டுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள், அதே விந்தைதான் இது. நான்காவது, அத்தூள் உருளையிலிருந்து தாளுக்கு மாறுகிறது. ஐந்தாவது, உருளையில் எஞ்சிய தூளை ஒரு ரப்பர்த் தகடு வழித்து எடுக்கிறது; கடைக்காரர்கள் இதனைப் ‘பிளேடு’ என்பார்கள். ஆறாவது, தாள் சூட்டு உருளைகளுக்கிடையே சென்று, ஏறக்குறைய 180 முதல் 200 டிகிரி வரையிலான வெப்பத்தில் தூள் உருகித் தாளோடு பிணைகிறது. இப்பகுதிக்குப் ‘பியூசர்’ என்று பெயர். இவையன்றி, தட்டிலிருந்து ஒவ்வொரு தாளாக இழுத்துத் தருகின்ற ரப்பர் உருளைகளும், பற்சக்கரங்களும், அச்சுகளைத் தாங்கும் புஷ்களும் உள்ளன.

இவற்றில் தேய்வதற்கென்றே பிறந்தவை சில உண்டு. டிரம், பிளேடு, பியூசரின் உருளைகள், தாள் இழுக்கும் ரப்பர் உருளை ஆகியவை அவை. இவை ஒவ்வொன்றும் எத்தனை நகல்கள் வரை உழைக்கும் என்று இயந்திரத்துடன் வரும் கையேட்டில் குறித்திருப்பார்கள். இயந்திரத்திற்குள்ளேயே நகல்களை எண்ணும் கணக்குக் கருவியும் உண்டு. ஒரு பாகத்தை மாற்றிய நாளில் காட்டிய எண்ணையும், அது பழுதுபட்ட நாளில் காட்டிய எண்ணையும் கழித்துப் பார்த்தால், அந்தப் பாகம் எவ்வளவு உழைத்தது என்பது தெரிந்துவிடும். அவ்வெண் கையேட்டில் கண்ட அளவை ஒட்டி இருக்குமாயின், அது முறையான மூப்பு. மூன்றில் ஒரு பங்கே இருக்குமாயின், அது நோய். ஆகவே, நோயறியும் வேலையில் முதற் கருவி திருப்புளி அன்று. தேதியும் எண்ணும் குறித்த ஒரு சிறிய குறிப்பேடே.

குறிப்பேட்டிற்கு அடுத்தபடியாகச் சாட்சி சொல்வது, கறை படிந்த நகலே. அதனைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள்! கடற்கரை மணலில் பதிந்த காலடியைக் கண்டு, சென்றது நண்டா நாரையா என்று மீனவச் சிறுவன் சொல்லிவிடுவான். அதுபோல், தாளில் பதிந்த கறையைக் கண்டு, குறை எந்தப் பாகத்தில் என்று நாமும் சொல்லிவிடலாம். அதற்கு நான்கு வினாக்கள் போதும்.

முதல் வினா: கறை எத்தகைய வடிவில் இருக்கிறது? தாள் செல்லும் திசையில் நீண்ட கோடாக இருந்தால், அசையாமல் நிற்கும் ஒன்று ஓடும் பொருளை உராய்கிறது என்று பொருள். பிளேடின் விளிம்பில் ஒரு மணல் சிக்கி, சுழலும் டிரம்மைச் சுற்றிலும் கீறிக்கொண்டிருக்கலாம். மாறாக, புள்ளியோ சிறு கறையோ ஒரே இடைவெளியில் மீண்டும் மீண்டும் வந்தால், குறை சுழலும் பொருள் ஒன்றின்மேல் இருக்கிறது. ஒவ்வொரு தாளிலும் ஒரே இடத்தில் ஒரே ஒரு புள்ளி மட்டும் இருந்தால், பெரும்பாலும் அது மூலத்தை வைக்கும் கண்ணாடியில் படிந்த அழுக்கேயாகும். ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினாலே தீர்ந்துவிடும். இதனை அறியாமல் புதிய டிரம் வாங்கியவர்களும் உண்டு.

இரண்டாவது வினா: கறை எவ்வளவு இடைவெளியில் திரும்ப வருகிறது? இங்கே நாம் வகுப்பில் படித்த வடிவகணிதம் கை கொடுக்கிறது. ஏரிக்கரையின் ஈர மணலில் ஒருவர் சைக்கிளில் செல்கிறார். அவருடைய டயரில் ஓர் ஒட்டுத்துண்டு துருத்திக்கொண்டிருக்கிறது. மணலில் அவ்வொட்டின் தடம் ஏறக்குறைய இரண்டு மீட்டருக்கு ஒருமுறை பதியும். ஏனெனில் சக்கரத்தின் சுற்றளவு அவ்வளவு. நகல் இயந்திரத்திலும் இதுவே விதி. சுற்றளவு என்பது விட்டத்தை 3.14-ஆல் பெருக்கிய தொகை. டிரம்மின் விட்டம் 30 மில்லிமீட்டர் ஆயின், அதன்மேல் உள்ள குறை 94 மில்லிமீட்டருக்கு ஒருமுறை தாளில் தோன்றும். ‘ஏ4’ தாளின் நீளம் 297 மில்லிமீட்டர். ஆகவே ஒரு தாளில் மூன்று முறை தோன்றும். விட்டம் 24 மில்லிமீட்டர் உள்ள வேறோர் உருளையின் குறை ஏறக்குறைய 75 மில்லிமீட்டருக்கு ஒருமுறை வரும். இவ்வாறு இடைவெளியை அளந்து, 3.14-ஆல் வகுத்து, வரும் விட்டம் எந்த உருளைக்கு உரியது என்று கையேட்டில் பார்த்தால், குற்றவாளி அகப்பட்டுவிடுவான். நான்கணா பெறாத ஓர் அளவுகோல், இயந்திரத்தைத் திறக்காமலே அதன் உள்ளிருப்பதைக் காட்டிவிடுகிறது! கணிதம் வாழ்க்கைக்கு உதவாது என்று சலித்துக்கொள்ளும் மாணவர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

மூன்றாவது வினா: குறை யாருடைய முறையில் நேர்ந்தது? பழவேற்காட்டு மீனவரிடையே ‘பாடு’ என்று ஒரு வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஏரியில் எவர் எந்நாளில் எவ்விடத்தில் வலையிடுவது என்பதனை ஊரார் முறை வைத்துப் பகிர்ந்துகொள்வர். இன்று இவ்விடத்தில் நிகழ்ந்தது எவர் முறையில் என்று கேட்டால் உடனே விடை கிடைக்கும். இயந்திரத்தின் ஆறு வேலைகளும் அவ்வாறே முறை வைத்து நடப்பவை. ஆதலால் நகல் எடுத்துக்கொண்டிருக்கும்போதே, தாள் பியூசரை அடையுமுன், முன்கதவைத் திறந்தால் இயந்திரம் நின்றுவிடும். அரைவழியில் நின்ற தாளை மெல்ல எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் உருவம் தூயதாக இருந்து, முழுதும் வெளிவந்த நகலில் மட்டும் கறை இருக்குமாயின், குறை பியூசரில். அரைவழித் தாளிலேயே கறை இருக்குமாயின், குறை அதற்கு முன்னே. டிரம்மின்மேல் உருவம் கறுத்துச் செறிந்திருக்க, தாளில் மட்டும் வெளிறியிருக்குமாயின், தூள் தாளுக்கு மாறும் இடத்தில் குறை. தாள் ஈரம் குடித்திருப்பதும் இதற்குக் காரணமாகலாம். இச்சோதனையைப் பழகியவரே செய்தல் வேண்டும். உள்ளே உயர் மின்னழுத்தமும் கடுஞ்சூடும் உண்டு. மாணவர்கள் அருகில் நின்று பார்த்தால் போதும்.

நான்காவது வினா: எந்நாள் முதல், எந்நேரத்தில்? காலையில் வெளிறி, நண்பகலில் சீராகும் நகல், ஈரத்தைச் சுட்டுகிறது. மழைக்காலத்தில் மட்டும் தாள் சிக்குமாயின் அதுவும் ஈரமே. எக்காலத்தும் ஒரே தட்டிலிருந்து வரும் தாள் மட்டும் சிக்குமாயின், அத்தட்டின் ரப்பர் உருளை வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கும். காதுக்கும் இங்கே வேலை உண்டு. கிறீச்சென்ற தொடர் ஒலி எண்ணெய்ப் பசையற்ற புஷ்ஷையும், சுற்றுக்கொருமுறை ‘டக்’ எனும் ஒலி பல் முறிந்த சக்கரத்தையும் பெரும்பாலும் அறிவிக்கும்.

இந்நான்கு வினாக்களும் தேய்ந்த பாகம் எது என்பதனைக் கூறும். ஆனால், அது ஏன் தேய்ந்தது என்பதுதான் உண்மையான வினா. பாகத்தை மாற்றுவது எளிது. காரணத்தை மாற்றாவிடில், புதிய பாகமும் பழையதன் வழியே போகும். கடற்கரை ஊர்களில் காரணங்கள் பெரும்பாலும் நான்கு.

முதற் காரணம் மணல். மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் கனிமம். கனிமங்களின் கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவையில் குவார்ட்ஸ் 7-ஆம் இடத்தைப் பெறுகிறது; சாதாரண எஃகுக் கத்தியைவிட அது கடினமானது. அத்தகைய துகள் ஒன்று மயிரினும் மெல்லிய பூச்சின்மேல் உராய்ந்தால் என்னாகும் என்பதனை நான் விளக்க வேண்டுவதில்லை. இரண்டாவது காரணம் உப்பு. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 என்னும் அளவை எட்டினால், சோற்றுப்பு காற்றிலுள்ள நீரை ஈர்த்துத் தானே கரையத் தொடங்கும். மழைநாட்களில் நம் வீட்டு உப்புச் சாடியில் நீர் கோத்துக்கொள்வது இதனால்தான். கடற்காற்று கொணரும் உப்புத் துகள் இயந்திரத்துள் படிந்து, இரவில் நீர் கோத்து, இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கிறது. மின்னூட்டம் கசியவும் வழி செய்கிறது. மூன்றாவது காரணம் ஈரத்தாள். அது வளைந்து சிக்கும். சிக்கியதை அவசரத்தில் இழுப்பதனால் உருளைகள் கீறுண்ணும். நான்காவது காரணம் மின்தடை. ஓட்டத்தின் நடுவே மின்சாரம் நின்றால், சூடான பியூசரின் உருளைகள் சுழலாமல் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நிற்கும். விசிறியும் நின்றுவிடுவதால் வெப்பம் வெளியேறாது. அடிக்கடி இவ்வாறு நேர்ந்தால் ரப்பர் விரைவில் கெடும்.

இவற்றோடு, பலரும் எண்ணிப் பாராத ஐந்தாவது காரணம் ஒன்றும் உண்டு. கணக்குக் கருவி தாள்களை எண்ணுகிறதே தவிர, டிரம்மின் சுற்றுகளை எண்ணுவதில்லை. ஒரே மூலத்திற்கு ஐம்பது நகல்களைத் தொடர்ச்சியாக எடுத்தால், டிரம் தொடக்கத்தில் சில சுற்றுகளும் முடிவில் சில சுற்றுகளும் மட்டுமே வீணாகச் சுழலும். ஐம்பது பேருக்குத் தனித்தனியே ஒவ்வொரு நகல் எடுத்தாலோ, அவ்வீண் சுழற்சி ஐம்பது முறை நிகழும். தாள் கணக்கு இரண்டிலும் ஐம்பதே. தேய்மானக் கணக்கு வேறு. துறையிலிருந்து புறப்பட்டு உடனே திரும்பி வரும் படகு, தூரம் ஓடாவிட்டாலும் இயந்திரத்தைப் பலமுறை இயக்கி நிறுத்துவதால் தேய்வதைப் போன்றது இது.

இவ்வளவும் நடைமுறையில் எவ்வாறு பயன்படும் என்பதற்கு, நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஏரிக்கரை ஊர் ஒன்றில், என்னிடம் முன்னர்ப் படித்த மீனவர் வீட்டு இளைஞர் ஒருவர் நகல் கடை வைத்திருந்தார். மீன் விற்கும் அவருடைய தாயார் மகளிர் குழுவில் கடன் பெற்று, அவ்வியந்திரத்தை வாங்கித் தந்திருந்தார். கையேட்டின்படி டிரம் 60,000 நகல்கள் உழைக்க வேண்டும். முதல் டிரம் 22,000 நகல்களில் கெட்டது. இரண்டாவது 20,000 நகல்களில் கெட்டது. “கடலோரத்தில் வைத்தால் இப்படித்தான் ஐயா என்கிறார்கள், கடையை மூடிவிடலாமா என்று பார்க்கிறேன்” என்று அவர் சொன்னபோது, கடனின் தவணைகள் பாதிகூட முடிந்திருக்கவில்லை.

கெட்ட நகல்களை அவர் நல்லவேளையாக எறியாமல் வைத்திருந்தார். அவற்றை மேசைமேல் பரப்பிப் பார்த்தோம். கோடுகள் யாவும் தாளின் நீளவாட்டில் இருந்தன. அவையும் இடப்புறத்து மூன்றில் ஒரு பங்கிலேயே நெருங்கியிருந்தன. கடற்காற்றின் ஈரமோ, தனித்தனி நகல் எடுப்பதோ காரணமாயின், தேய்மானம் உருளையின் நீளம் முழுதும் பரவியிருக்க வேண்டுமன்றோ? ஒரு பக்கம் மட்டும் கீறுண்டதாயின், அப்பக்கத்தில் ஏதோ நுழைகிறது. இயந்திரத்தின் இடப்புறத்தில் காற்று உள்ளே செல்லும் துளைகள் இருந்தன. இயந்திரமோ கிழக்கு வாயிலை ஒட்டித் தாழ்ந்த பலகைமேல் இருந்தது. ஏரியிலிருந்து நேரே வருகின்றவர்களின் ஈரக்காலில் ஒட்டிய மணல் அங்கே உதிர்ந்து உலர்ந்தது. காலையில் இயந்திரத்தைச் சூடேற வைத்துவிட்டு, அவர் துடைப்பத்தால் கடையைப் பெருக்கிவந்தார். எழுந்த தூசியை இயந்திரம் மூச்சோடு உள்ளிழுத்தது. டிரம்மைக் கெடுத்தது தொலைவிலிருந்த கடலன்று; காலடியிலிருந்த மணலே!

இயந்திரத்தை உட்சுவர் ஓரமாக உயர்ந்த மேசைக்கு மாற்றினார். வாயிலில் கோணி விரித்தார். பெருக்குவதை விட்டு, இயந்திரத்தை இயக்குமுன் ஈரத்துணியால் தரையைத் துடைத்தார். பிளேடையும் டிரம்மையும் சேர்த்தே மாற்றினார். மணல் சிக்கிய பழைய பிளேடை வைத்துக்கொண்டு புதிய டிரம் போடுவது, முள் குத்திய டயரில் புதிய டியூப் போடுவதற்கு ஒப்பாகும். மூன்றாவது டிரம் 41,000 நகல்கள் உழைத்தது. கையேட்டின் அளவை அது எட்டவில்லை. ஆயினும் இம்முறை கோடுகள் இல்லை. தேய்மானம் நீளம் முழுதும் சமமாக இருந்தது. எஞ்சிய குறைவுக்குத் தனித்தனி நகல்களே பெரிதும் காரணம் என்று நாங்கள் முடிவு செய்தோம். அது அத்தொழிலின் இயல்பு. ஒரு நகல் கேட்டு வரும் மூதாட்டியைக் காத்திருக்கச் சொல்வதற்கில்லை. அத்தேய்மானத்தை விலையில் சேர்த்துக் கணக்கிட்டுக் கொண்டார். கடை மூடப்படவில்லை.

இக்கடைக்காரர் கைக்கொண்ட ஏனைய பழக்கங்களையும் சொல்லிவிடுகிறேன். பிரித்த தாள்கட்டை இறுக மூடும் தகரப் பெட்டியில் வைக்கிறார். இரவில் தட்டில் தாள் விடுவதில்லை. இயந்திரம் குளிர்ந்தபின் துணியால் போர்த்துகிறார். இயங்கும்போது காற்றுத் துளைகளை ஒருபோதும் அடைப்பதில்லை, அடைத்தால் வெப்பம் மிகும். டிரம்மை விரலால் தொடுவதில்லை, வெயிலில் வைப்பதுமில்லை. சிக்கிய தாளை, அது செல்லும் திசையிலேயே மெல்ல எடுக்கிறார். கொண்டுவரும் தாள்களில் பின் ஊசி இருந்தால், அதனை முதலில் நீக்குகிறார். இவற்றுள் ஒன்றுக்கேனும் பெரும்பொருள் செலவில்லை.

நண்பர்களே, உராய்வும் தேய்மானமும் சிறிய செய்திகள் என்று எண்ணற்க. 1966-ஆம் ஆண்டில் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் என்பார் தலைமையில் அமைந்த குழு, தேய்மானத்தைப் பற்றிய அறிவுக் குறைவால் நாட்டின் தொழில்கள் ஆண்டுதோறும் பெரும்பொருளை இழக்கின்றன என்று அறிக்கை தந்தது. ‘டிரைபாலஜி’ என்று உராய்வியலுக்குத் தனிப்பெயர் வழங்கலாயிற்று. இன்று அது பொறியியலில் தனித்துறையாக விளங்குகிறது. ஒரு நாட்டின் ஆலைகளுக்கு எந்த நியதியோ, அதே நியதிதான் குப்பத்துக் கடையின் ஒற்றை இயந்திரத்திற்கும். ஆலைக்கு இழப்பைத் தாங்கும் வலிமை உண்டு; ஒரு தாயின் கடனில் வாங்கிய இயந்திரத்திற்கு அது இல்லை. ஆதலால் இவ்வறிவு அங்கேதான் மிகவும் வேண்டப்படுகிறது.

‘இவ்விடத்தில் இப்படித்தான்’ என்னும் சொல், காரணம் தேடும் முயற்சியை அங்கேயே நிறுத்திவிடுகிறது. அச்சொல்லைக் கேட்கும்போது, எந்த இடத்தில், எவ்வளவு இடைவெளியில், எவருடைய முறையில், எந்நாள் முதல் என்று வினவும் பழக்கத்தை மாணவர்கள் மேற்கொள்ள வேண்டும். உங்கள் ஊரிலும் நகல் கடை ஒன்று இருக்கும். அடுத்த முறை அங்கே செல்லும்போது, கறை படிந்த தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி, அளவுகோலால் இடைவெளியை அளந்து, 3.14-ஆல் வகுத்துப் பாருங்கள். வரும் விடையைக் கடைக்காரரிடம் பணிவோடு தெரிவியுங்கள். அவருக்கு ஓர் உருளையின் விலை மிஞ்சக்கூடும். அவரிடம் நகல் எடுக்கும் யாரோ ஒருவருடைய விண்ணப்பம் திரும்பி வராமல் போகவும் கூடும்.